உரித்த டேப்பின் தடம்

ஜூன் 3

அன்புள்ள வாலு அப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் பேஸ் கிட்டார்காரருக்குப் பக்கத்தில் இடம். அவருக்கு மௌனச் சாமியார் என்று நீங்கள் பட்டப்பெயர் வைத்தது சரிதான். வழி முழுக்க அவர் வாயைத் திறந்தது, "ஜன்னலை மூடட்டா?" என்று கேட்க மட்டும். இறங்கும்போது, "அவருக்குக் கை எப்படி ஒடிஞ்சது?" என்றார். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே, டிரம் பெட்டியைத் தூக்கும்போது விழுந்துவிட்டார் என்றேன். ஏழு வயது வாலுவின் சைக்கிளில் ஏறி, அவளையும் பின்னால் உட்காரவைத்து, இறக்கத்தில் விட்ட கதையைச் சொல்லவில்லை. அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்தால் பொய் எடுபடவில்லை என்றுதான் தோன்றுகிறது.

இன்றுதான் முதல் ஒத்திகை. ஓட்டல் டான்ஸ் ஹாலில் நான் வாசித்ததெல்லாம் வாலு பிறப்பதற்கு முந்தைய கதை. அதற்கப்புறம் ஜிம்மில் குதிக்கிறவர்களுக்கும் பள்ளிக்கூட அணிவகுப்புக்கும் தட்டிக்கொண்டிருந்தவளை இவ்வளவு பெரிய பாடகிக்குப் பின்னால் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டீர்கள். மேனேஜர் போன் செய்தபோது, "வெளிய எதுக்குத் தேடறீங்க, வீட்லயே ஒருத்தி இருக்கா" என்று நீங்கள் சொன்னீர்களே, அதை நினைத்துக்கொண்டேதான் உட்கார்ந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். மேடை ஆட்கள் டிரம்முக்கு அடியில் போடும் உங்கள் கார்ப்பெட்டை விரித்தபோது குனிந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். ஒவ்வொரு டிரம்மின் காலும் எங்கே நிற்க வேண்டும் என்று புது வெள்ளை டேப் ஒட்டி வைத்திருக்கிறீர்கள். பழைய டேப்பை எல்லாம் உரித்து, கார்ப்பெட்டையே துடைத்து, என் உயரத்துக்குத் தகுந்தபடி. மாவுக்கட்டுக் கையோடு இதை எப்போது செய்தீர்கள்? நான் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோதா? டிரம் எல்லாம் அழகாக, நேராக, சபையைப் பார்த்து நிற்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

பாடகி மேடம் ஒத்திகைக்கு வருவதில்லையாம், கச்சேரி அன்றுதான் பார்க்க முடியுமாம். எனக்குக் கடைசிப் பாட்டை நினைத்துத்தான் பயம். நடுவில் எல்லா வாத்தியமும் நின்று, அவர் தனியாக ஒரு வரியை இழுத்துப் பாடி, அப்புறம் ஒரு நிசப்தம். அந்த நிசப்தத்தை என் அடிதான் உடைக்க வேண்டும். என் அடி விழுந்தால்தான் மற்ற எல்லோரும் வருவார்கள். சமையலறை மேசையில் விரலால் தட்டிக் காட்டி, "வரி முடிஞ்சதும் எட்டு எண்ணு, ஒன்பதுல அடி" என்றீர்கள். எட்டு, எட்டு என்று தூக்கத்திலும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

வாலுவுக்குத் தலை பின்னிவிடப் பக்கத்துக் கடை டெய்லர் அக்காவைக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

உங்கள்
சுண்டு


ஜூன் 7

அன்புள்ள சுண்டுவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. வாலு பார்த்துவிட்டு, "அப்பா, நான் ஒண்ணாங்கிளாஸ்லயே இதைவிட நல்லா எழுதினேன்" என்கிறாள்.

தலை பின்னும் விஷயத்தில் டெய்லர் அக்காவிடம் போகவில்லை. இத்தனை வருஷம் ரெண்டு கையும் ரெண்டு காலும் நாலு விதமாக ஆடிய மனிதன் ஒரு பின்னலுக்குப் போய் இன்னொருத்தர் வாசலில் நிற்பதா என்று ஒரு வீம்பு. ஒரு கையால் முடியைப் பிடித்து, பல்லால் ரிப்பனைக் கடித்து, ஒற்றைப் பின்னல் போட்டேன். அது காதுக்கு மேலே புறப்பட்டு எங்கேயோ போய் முடிந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவிழ்த்துப் பின்னி அனுப்பியிருக்கிறார்.

டேப் விஷயத்தைப் பெரிதாகச் சொல்லாதே. அது ஒரு வேலையா? பழைய டேப் கந்தலாகிக் கிடந்தது, அவ்வளவுதான்.

கடைசிப் பாட்டைப் பற்றி மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. எட்டுதான். ஐந்து வருஷமாக அந்த இடத்தில் அடிக்கிறவனுக்குத் தெரியாதா? மேடம் ஒரு நாள் கூடவோ குறையவோ இழுக்கலாம், நீ சமாளித்துக்கொள்வாய். டான்ஸ் ஹாலில் உன்னைப் பார்த்துத்தானே என் இடது கையே ஒழுங்குக்கு வந்தது.

ராத்திரியில் போர்த்திக்கொண்டு தூங்கு. ஸ்டிக் கனமாக இருந்தால் என் பெட்டியின் அடியில் உன் பழைய ஸ்டிக் ஒரு ஜோடி வைத்திருக்கிறேன்.

உன்
மாவுக்கட்டு


ஜூன் 11

அன்புள்ள வாலு அப்பாவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நேற்றுதான் முதல் கச்சேரி. எல்லாப் பாட்டும் நன்றாகவே போனது. நடுவில் ஒருமுறை மேடம் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கு டான்ஸ் ஹால் நாட்கள் திரும்பி வந்ததுபோல இருந்தது. தோள் எல்லாம் தளர்ந்து, வியர்த்து, அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் கடைசிப் பாட்டு. மேடம் அந்த வரியைப் பாடி முடித்தார். எல்லோரும் நின்றோம். அரங்கத்தில் ஓர் இருமல்கூட இல்லை. நான் எட்டு எண்ணினேன். ஒன்பதில் முழு பலத்தோடு அடித்தேன்.

யாரும் வரவில்லை. மேடம் இன்னும் பாடத் தயாராகாமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். என் ஒரு அடி மட்டும் சாப்பாட்டுத் தட்டு கீழே விழுந்ததுபோல அவ்வளவு பெரிய அரங்கத்தில் போய் மோதியது. முதலில் முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் பின்னால். அப்புறம் எல்லோரும். மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். சபைக்காகச் சிரித்துக்கொண்டே பார்த்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில் என்னை ஓர் அறை அறைந்திருக்கலாம்.

ஒருத்தரும் திட்டவில்லை. மேனேஜர், "புதுசுதானே, பழகிடும்" என்றார். மற்றவர்கள் என்னைப் பார்க்காமல் வாத்தியங்களைப் பெட்டியில் வைத்தார்கள். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, எல்லோரும் பஸ்ஸில் ஏறும் சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வந்தேன்.

உங்கள் அடிக்காகவே அந்தப் பாட்டைக் கேட்க வருகிறவர்கள் உண்டு என்று எனக்குத் தெரியும். "என் மூச்சு எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி இவருக்குத் தெரிஞ்சிடும்" என்று மேடம் உங்களை மேடையில் வைத்துச் சொன்னதை நான் எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருப்பேன். அந்த இடத்தில் உட்கார்ந்து உங்கள் மானத்தையும் சேர்த்து வாங்கிவிட்டேன். எண்ணத் தெரியாதவளாகிவிட்டேனா நான்?

நம் வீட்டில் போன் இல்லையே, டெய்லர் அக்கா கடைக்குப் போன் செய்து உங்களைக் கூப்பிடச் சொல்லலாம் என்று பார்த்தேன். அளவு கொடுக்க நாலு பேர் நிற்கும் இடத்தில் உங்களால் என்ன பேச முடியும் என்று விட்டுவிட்டேன். உடனே பதில் போடுங்கள்.

உங்கள்
சுண்டு


ஜூன் 15

அன்புள்ள சுண்டுவுக்கு,

உன் கடிதத்தை டெய்லர் அக்கா கடை வாசலிலேயே நின்று படித்தேன். "நல்ல செய்தியா?" என்று அக்கா கேட்டார்கள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

இதற்குப் போய் இவ்வளவு உடைந்துபோகலாமா? எல்லோருக்கும் நடப்பதுதான். என் முதல் வருஷத்தில் இதே பாட்டில், இதே இடத்தில் நான் ஒருமுறை அடிக்காமலே விட்டுவிட்டேன். மேடம் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் தானே கை தட்டி ஆரம்பித்தார். ஒரு மாதம் பசங்க என்னைக் கேலி செய்தார்கள். அப்புறம் மறந்துவிட்டார்கள். சபைக்கும் அப்படித்தான், காலையில் பல் தேய்க்கும்போதே மறந்திருப்பார்கள்.

நீ எண்ணும்போது அவசரப்பட்டிருப்பாய். பயம் வந்தால் எண்ணிக்கை ஓடும். கொஞ்சம் நிதானமாக எண்ணிப் பார். மற்றபடி உன் வாசிப்பில் குறை எதுவும் இருக்காது. பழக்கம் விட்டுப்போனதுதான், வேறொன்றுமில்லை. இந்த வேலையை நான் வந்து பார்த்துக்கொள்ளும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடு.

வாலு பள்ளிக்கூடத்தில் சைக்கிள் கதையை டீச்சரிடம் சொல்லிவிட்டாள். டீச்சர் என்னைப் பார்த்ததும், "சார், பிரேக் வேலை செய்யுதா?" என்றார். ஊருக்கே தெரிந்துவிட்டது. வெட்கத்தில் உன்னோடு நானும் பங்கு போட்டுக்கொள்கிறேன், போதுமா?

உன்
மாவுக்கட்டு


ஜூன் 22

அன்புள்ள வாலு அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்குள் இன்னும் மூன்று கச்சேரி முடிந்துவிட்டது. நீங்கள் சொல்வதற்கு முன்பே ஒரு நாள் நிதானமாக எண்ணி, மேடம் அடுத்த வரியை ஆரம்பித்த பிறகு அடித்தேன். ஒரு நாள் பயத்தில் கை எழவே இல்லை. நேற்று முன்தினம் மேடம் என்னைக் கூப்பிட்டு, ரொம்பத் தன்மையாக, "அந்த நிறுத்தம் வேண்டாம்மா. நிக்காம அப்படியே வாசிச்சிடலாம்" என்றார். இனி அந்தப் பாட்டில் நிசப்தம் கிடையாது. எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு வாசித்து முடிக்கிறோம். சபையில் ஒரு முணுமுணுப்பு எழுகிறது. ஏதோ குறைகிறது என்று அவர்களுக்குத் தெரிகிறது. அந்தக் குறை நான்தான் என்று எனக்குத் தெரிகிறது.

மற்றப் பாட்டுகளிலும் கை சுருங்கிவிட்டது. சிம்பல் தட்டைத் தொடவே தயக்கம். டான்ஸ் ஹாலில் நான் வாசிக்க ஆரம்பித்தால் மேசையில் இருப்பவர்கள் ஸ்பூனைக் கீழே வைப்பார்கள் என்று நீங்களே சொல்வீர்கள். இப்போது நான் வாசிப்பது எனக்கே கேட்பதில்லை. பஸ்ஸில் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். சாப்பிடும் இடத்தில் எல்லோரும் எழுந்த பிறகு போகிறேன்.

மேனேஜர் பேசினார். அடுத்த ஊரில் வேறொரு டிரம்மர் வந்து பார்க்கப்போகிறாராம். சரிப்பட்டால் அடுத்த வருஷத்துக்கும் அவரையே வைத்துக்கொள்ளும் யோசனையாம். "உங்க வீட்டுக்காரர் கையை நம்பி எத்தனை நாள் இருக்கறது?" என்றார். எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. உங்கள் இடத்தைக் காப்பாற்றத்தானே வந்தேன். அதையே தொலைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஊருக்கு வந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உண்மையில் எட்டுதானா? நீங்கள் அந்த இடத்தில் என்னதான் செய்கிறீர்கள்?

உங்கள்
சுண்டு


ஜூன் 26

அன்புள்ள சுண்டுவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். ஊருக்கு வராதே. மேனேஜரிடம் இன்னும் ஒரு வாரம் கேள்.

நேற்று வாலுவுக்குச் செருப்பு மாட்டிவிடும்போது எனக்கு ஒரு பொறி தட்டியது. அவள் குதிகாலைத் தூக்கினாள். உடனே மேடம் ஞாபகம் வந்தது. மேடம் செருப்பில்லாமல்தான் பாடுவார், கவனித்திருப்பாய். அந்த நிசப்தத்தில் அடுத்த வரிக்கு மூச்சு எடுக்கும்போது அவர் வலது குதிகால் லேசாக மேலே எழும். அது திரும்பத் தரையில் படும்போது அடிக்க வேண்டும். நான் எண்ணுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால் என்னையும் அறியாமல் அதைத்தான் பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியாமல் போய்விட்டது. முன்பே தோன்றியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா?

கழுத்தைக் கொஞ்சம் நீட்டிப் பார். தெரியும்.

கட்டு பிரிக்க இன்னும் இரண்டு வாரம் ஆகுமாம். வாலு உன்னைக் கேட்டு அழவில்லை. அழாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உன்
மாவுக்கட்டு


ஜூலை 4

அன்புள்ள வாலு அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு அறைக்கு ஓடினேன். படித்துவிட்டு அழுதேன். பாவம், தனக்கே தெரியாததை எனக்காகத் தோண்டி எடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்படி நினைத்தது நிஜம்.

அந்த டிரம்மரை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லி மேனேஜரிடம் கேட்டுவிட்டு, மேடத்திடம் போய், இன்னும் ஒரே ஒரு முறை அந்த நிறுத்தத்தை வைத்துப் பார்க்கலாம் என்று கெஞ்சினேன். "சரி, இன்னைக்கு மட்டும்" என்றார். கச்சேரிக்கு முன்னால் மேடையில் ஏறி என் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மேடம் நிற்கும் இடத்தில் மேடை ஆள் ஒருத்தரை நிற்கச் சொன்னேன். கழுத்தை நீட்டினேன், எழுந்து நின்றேன், சாய்ந்தேன். குதிகால் தெரியவில்லை. பெரிய டிரம் மறைக்கிறது. நான் குள்ளமாக இருப்பதால்தான் என்று நினைத்தேன். சரி, டிரம்மைக் கொஞ்சம் நகர்த்தலாம் என்று எல்லாவற்றையும் கார்ப்பெட்டிலிருந்து இறக்கச் சொன்னேன்.

மேடை விளக்கு ஒன்றை அப்போதுதான் கீழே இறக்கி வைத்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் கார்ப்பெட்டில் படுத்துக் கிடந்தது. உங்கள் புது டேப்புக்குப் பக்கத்திலேயே பழைய டேப்பின் தடம் தெரிந்தது. டேப்பை உரித்தாலும் பசை போகாது, அதில் அழுக்கு ஒட்டிக் கறுப்பாக நிற்கும் என்று நம் இரண்டு பேருக்குமே தெரியும். ஒரு காலுக்கு ஒரு தடம் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக, விரல் அகலம் விரல் அகலமாக நகர்த்தி நகர்த்தி ஒட்டிய தடங்கள். ஆரம்பத்தில் நேராக இருந்தது, வர வர இடது பக்கம் திரும்பியிருக்கிறது. பெரிய டிரம் பின்னால் போயிருக்கிறது. இத்தனை தடவை நகர்த்திய ஒருவர் எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் நகர்த்தியிருக்க முடியாது.

கடைசித் தடத்தில் டிரம்மை வைக்கச் சொன்னேன். உட்கார்ந்தேன். நடுவில் ஒரு சந்து. அதன் வழியாக மேடை ஆளின் வலது கால் மட்டும் தெரிந்தது. கழுத்தை நீட்டவே வேண்டியிருக்கவில்லை.

மௌனச் சாமியார் வந்து பார்த்துவிட்டு, "இப்பதான் பழைய மாதிரி இருக்கு. அவர் எப்பவும் கோணலாத்தான் உக்காருவார். நீங்க ஏன் நேரா போட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார். அவர் பேசி நான் கேட்ட நீளமான பேச்சு அதுதான். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன். "நீங்க கேக்கலையே" என்றார்.

அன்று அடி சரியாக விழுந்தது. முழு வாத்தியமும் ஒரே மூச்சில் உள்ளே வந்தது. சபை எழுந்து நின்றது. மேடம் கையை என் பக்கம் காட்டினார். எனக்கு எழுந்து நிற்கத் தோன்றவில்லை. கார்ப்பெட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

குதிகால் விஷயத்தை மௌனச் சாமியாருக்கும் கீபோர்டுக்காரருக்கும் சொல்லிவிட்டேன். இனி அது யாருடைய ரகசியமும் இல்லை.

மாவுக்கட்டுக் கையோடு அத்தனை டேப்பையும் நீங்கள் உரித்ததை நினைத்துப் பார்க்கிறேன். பல்லால் கடித்துத்தான் உரித்திருப்பீர்கள். நான் பக்கத்து அறையில் வாலுவின் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். ரொம்பச் சிரமப்பட்டிருப்பீர்கள்.

சுண்டு


ஜூலை 12

அன்புள்ள சுண்டுவுக்கு,

கட்டைப் பிரித்துவிட்டார்கள். வலது கையால் எழுதுகிறேன், இதுவும் கோணல்தான். கை மெலிந்து, தோல் வெளுத்து, யாரோ ஒருத்தருடைய கை மாதிரி இருக்கிறது.

நீ எழுதியதில் ஒரு வார்த்தை தப்பில்லை. பல்லால்தான் உரித்தேன். வாயெல்லாம் பசை. நீ குரல் கொடுத்தாய், "என்ன பண்றீங்க அங்க?" என்று. "உனக்காக ஒரு வேலை" என்றேன். அந்த வார்த்தையை என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அந்த நிறுத்தத்தில் முதல் வருஷம் அசிங்கப்பட்டேன் என்று எழுதினேனே, அது மட்டும் உண்மை. அதற்கப்புறம்தான் குதிகாலைக் கண்டுபிடித்தேன். அது தெரிவதற்காக ஊருக்கு ஊர் டிரம்மை நகர்த்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் இவனுக்குள்ளே கடிகாரம் ஓடுகிறது என்றார்கள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீ அக்கம்பக்கத்தில் பெருமை அடிக்கும்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். என் வாசிப்பில் ஊர் பேசுகிற மாதிரி இருப்பது அந்த ஓர் அடிதான், சுண்டு. மற்றதெல்லாம் நீ தூங்கிக்கொண்டே வாசிப்பாய். டான்ஸ் ஹாலில் உன்னை முதல்முதலில் கேட்ட அன்றைக்கே அது எனக்குத் தெரியும். மேனேஜரிடம் உன் பெயரைச் சொன்னது பெரிய மனசால் இல்லை. வெளியாள் வந்தால் இடம் போய்விடும், மனைவி வந்தால் திரும்பக் கிடைக்கும் என்ற கணக்கு. அப்புறம் நீ மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டையும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாய். எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒன்றே ஒன்றை மட்டும் என் பக்கம் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. அதையும் எழுதாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. உன் முதல் கச்சேரிக் கடிதத்தைப் படித்து முடித்ததும் என் வாயிலிருந்து "அப்பாடா" என்று வந்தது. டெய்லர் அக்கா அதைக் கேட்டுத்தான் "நல்ல செய்தியா?" என்றார்கள். நான் "ஆமாக்கா" என்றேன். நீ பாத்ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நின்ற கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னேன்.

குதிகாலைப் பற்றி எழுதியதும் உன் வேதனை பொறுக்காமல் இல்லை. வேறொருத்தர் வரப்போகிறார் என்று நீ எழுதிய பிறகுதான் பேனாவை எடுத்தேன். செருப்பு மாட்டிய கதை புளுகு. வாலு தானேதான் செருப்புப் போட்டுக்கொள்கிறாள்.

மேனேஜர் டெய்லர் அக்கா கடைக்குப் போன் செய்தார். அடுத்த மாதம் வாசிக்க வர முடியுமா என்று கேட்டார். அவளே அங்கே இருக்கட்டும், அந்த இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். இது ஒன்றாவது நான் ஒழுங்காகச் செய்ததாக இருக்கட்டும்.

கடைசி ஊர்க் கச்சேரிக்கு வாலுவைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா? வராதே என்றால் வரமாட்டேன். ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் என்று போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது.

வாலு அப்பா


ஜூலை 19

அன்புள்ள வாலு அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு ஊர் என்னோடு பையிலேயே வந்தது.

நீங்கள் எனக்கு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. மேனேஜர் உங்களுக்குப் போன் செய்வதற்கு முந்தின நாளே மேடம் என்னைக் கூப்பிட்டு, அடுத்த வருஷமும் இருக்க முடியுமா என்று கேட்டார். அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்காமல் போட்டேன். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதது என்று ஒன்று இருப்பது இப்போதுதான் தெரிகிறது.

மேனேஜர் உங்களைக் கேட்டது சின்ன ஊர்களுக்கு அனுப்பப் புதிதாகச் சேர்க்கும் இரண்டாவது குழுவுக்கு. அவர் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார். நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். போவதானால் போங்கள், வீட்டை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களை நோகடிக்கச் சொல்லவில்லை, டிரம்மருக்கு டிரம்மராகச் சொல்கிறேன். முதல் நாலைந்து கச்சேரிக்குக் குதிகாலைப் பார்த்தேன். அப்புறம் ஒரு நாள் பார்க்க மறந்துவிட்டேன். வியர்வை கண்ணில் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டேன். அடி சரியாக விழுந்தது. அதிலிருந்து பார்ப்பதில்லை. அவருடைய முந்தின பாட்டிலேயே தெரிந்துவிடுகிறது, இன்றைக்கு நெஞ்சு எவ்வளவு தாங்கும், எவ்வளவு இழுப்பார் என்று. நீங்களும் எப்போதோ பார்ப்பதை விட்டிருக்கலாம். அவ்வளவு வருஷம் அந்தச் சந்துக்குக் காவல் இருந்ததில் உங்களுக்கு அது தெரியாமலே போய்விட்டது.

அந்த "அப்பாடா"வைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. டேப்பைக்கூட மறந்துவிடுவேன். பயம் யாருக்கும் வரும். ஆனால் அந்தக் கடிதத்தை நான் வேறு யாருக்கும் எழுதியிருக்க மாட்டேன். அம்மாவுக்குக்கூட எழுதவில்லை. அவமானப்பட்டவள் ஓடிப்போய் நின்ற ஒரே கதவு உங்களுடையது. நீங்கள் சொல்லாமலே இருந்திருக்கலாம். சொன்னீர்கள். அதற்கு உங்களை மெச்சுவதா வெறுப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

கடைசிக் கச்சேரிக்கு வாருங்கள். மேடைக்குப் பின்னால் வர வேண்டாம். டிக்கெட் எடுத்து, எல்லோரையும்போல எதிரே உட்காருங்கள். அந்த நிறுத்தம் வரும்போது மேடத்தின் காலைப் பார்க்காதீர்கள். முடிந்தால் என்னைப் பாருங்கள்.

புது டேப்பை எல்லாம் உரித்துவிட்டேன். உருட்டி இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன், மேசையில் பசை ஒட்டாமல் பார்த்து எடுங்கள். பழைய தடத்திலும் நான் உட்காரவில்லை. எனக்கு வசதியாக வேறு இடம் பார்த்து ஒட்டிக்கொண்டேன்.

வரும்போது வாலுவுக்கு இரட்டைப் பின்னல் போட்டுக் கூட்டிவாருங்கள். தெரியாவிட்டால் டெய்லர் அக்காவிடம் கற்றுக்கொள்ளுங்கள். இப்போதுதான் இரண்டு கையும் இருக்கிறதே.

சுண்டு